உப்பு வண்டி நிற்காத ஊர்

உப்பு வண்டிக்காரன் சுக்கான்மேட்டுக்குள் நுழைவதே கிடையாது. அரியலூர் ஸ்டேஷனில் இறங்குகிற உப்பை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு, கல்லங்குறிச்சி வழியாகக் கூவிக்கொண்டே வருவான். சுக்கான்மேட்டுக்குப் பாதை பிரிகிற பனைமரத்தடி வந்ததும் வாயை மூடிக்கொள்வான். மாடுகளும் பழகிப்போய் அந்த இடத்தில் எட்டி நடைபோடும். யாராவது ஏன் என்று கேட்டால், “அந்த ஊருக்குப் பெருமாளே கெணத்துல உப்பு போட்டு வச்சிட்டாரு. நான் வேற எதுக்கு?” என்பான்.

அவன் சொன்னதில் பொய்யில்லை. ஊரே ஒரு சுக்கான் பாறையின், அதாவது சுண்ணாம்புப் பாறையின் மேல் உட்கார்ந்திருந்தது. கிணறு வெட்டினால் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. வாயில் வைத்தால்தான் கரிக்கும். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது. காலையில் அடுப்பேற்றிய துவரம்பருப்பு உச்சி வேளையிலும் ஒன்றையொன்று தெரியாத விருந்தாளிகள்போல் தனித்தனியாகக் கிடக்கும். சீயக்காய் நுரைக்காது. வெளுத்த வேட்டி நாலு தோய்ப்பில் பழுத்துவிடும். அரியலூர்ச் சந்தையில் பழுப்பு நிறத்துக்கே ‘சுக்கான்மேட்டு வெள்ளை’ என்றுதான் பெயர். குழம்புக்கு உப்பு போடுவது என்றால் அந்த ஊர்ப் பெண்களுக்கு விரல் நுனியில் ஒட்டுகிற அளவு. மிச்சத்தைக் கிணறு பார்த்துக்கொள்ளும்.

தண்ணீர்தான் அப்படியே தவிர, மண் மோசமில்லை. மேலே வரகும் சோளமும் பருத்தியும் விளைந்தன. மழை பொய்த்த வருஷங்களில் அடியிலிருந்த கல் சோறு போட்டது. கல்லை வெட்டி, காளவாயில் சுட்டு, தண்ணீர் ஊற்றி நீற்றிய சுண்ணாம்பைக் கொள்ளிடக் கரையின் வெற்றிலைக் கொடிக்கால் ஊர்களுக்கு வண்டி ஏற்றுவார்கள். பட்டினி என்று அந்த ஊரில் யாரும் படுத்ததில்லை. ஆனாலும் ஊர் தேய்ந்துகொண்டே வந்தது. காரணம் ஒன்றுதான்: சுக்கான்மேட்டுக்குப் பெண் கொடுக்க யாரும் தயாராக இல்லை. ஊரில் பிறந்த பெண்கள் சிரித்த முகமாக வெளியூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனார்கள். பையன்களில் சிலர் ரங்கூனுக்குப் போனார்கள், சிலர் பொன்மலை ரயில்வே வேலைக்குப் போனார்கள், மிச்சப்பேர் பெண் கொடுத்த ஊரிலேயே வீட்டோடு மாப்பிள்ளையாகத் தங்கிவிட்டார்கள். மேலத்தெருவில் கூரை இறங்கிய வீடுகளில் இப்போது ஆடு கட்டினார்கள். யுத்தம் முடிந்த மறு வருஷம் அந்தத் தெருவில் மனிதர்களைவிட ஆடுகளே அதிகம்.

ரத்தினம்மாளின் கவலையும் இதுதான். அவளுக்கு ஒரே பிள்ளை, அய்யம்பெருமாள். கல் வெட்டவும் காளவாய் அடுக்கவும் அப்பன் வைரக்கண்ணுவுக்கு இணையான கை. பெண் கேட்டுப் போன இடத்திலெல்லாம் பையனைப் பிடித்தது. ஊர்ப் பெயரைச் சொன்னதும் செம்பில் தண்ணீர் கொடுத்து அனுப்பினார்கள். செந்துறைப் பக்கத்தில் ஒரு வீட்டில் மட்டும், ‘பையன் இங்கேயே வந்துவிடுவதானால் சரி’ என்று சொல்லியிருந்தார்கள். அவன் போய்விட்டால் காளவாய் ஆறிவிடும். பிறகு இந்த வீட்டிலும் யாராவது ஆடு கட்டுவார்கள்.

அப்படி இருக்கையில்தான் தைமாதக் கடைசியில் வைரக்கண்ணு ஒரு நல்ல சேதியோடு வந்தான். திருமானூருக்கு அப்பால், கொள்ளிடக் கரையில் கொடிக்கால் வைத்திருக்கும் அழகேசன், தன் மகள் மலர்கொடியைக் கொடுக்கலாம் என்று நினைக்கிறாராம். சுண்ணாம்பு வண்டியோடு வந்துபோகிற அய்யம்பெருமாளை அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஊரைத்தான் தெரியாது. மாசியில் வீடு பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

“பொண்ணு எப்படிடா?” என்று மகனிடம் கேட்டாள் ரத்தினம்மாள்.

“நல்லாத்தான் இருக்கும்.”

“பேசியிருக்கியா?”

“அதுதான் பேசுச்சு. சுண்ணாம்பு நல்லாருக்கு, வேட்டிதான் அழுக்குன்னுச்சு.”

“நீ என்ன சொன்ன?”

“என்னத்த சொல்றது? வண்டிய ஓட்டிக்கிட்டு வந்துட்டேன்.”

பிள்ளையின் காது சிவந்திருந்ததைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது.

அன்று சாயங்காலமே புங்கமரத்தடியில் ஊர் கூடியது. நாட்டாமை வெள்ளைச்சாமி வைரக்கண்ணுவுக்குப் பங்காளி. சாதாரணமாக அவர் கூட்டம் கூட்டினால் மூன்று பேர் வருவார்கள். அதில் ஒருவர் தூங்குவார். அன்றைக்குக் கிழவர்கள் உட்பட எல்லாரும் வந்துவிட்டார்கள். ஒரு பெண் வந்துவிட்டால் அவளுடைய தங்கைகள் வரலாம், அத்தை மக்கள் வரலாம், கரையோரத்து ஊர்கள் எல்லாம் பெண் கொடுக்க ஆரம்பிக்கலாம் என்று ஆளாளுக்குக் கணக்குப் போட்டிருந்தார்கள்.

“இத பாருங்க,” என்றார் வெள்ளைச்சாமி. “வர்றவங்க வாயில நம்ம கெணத்துத் தண்ணி ஒரு சொட்டு படக்கூடாது. வந்ததும் பானகம். சாப்பிட்டதும் மோரு. நடுவுல எளநி. அப்புறம் வண்டியில ஏத்திடணும்.”

“சமையலு?” என்றாள் பாப்பாயி. ரத்தினம்மாளுக்கு அடுத்த வீட்டுக்காரி.

“நல்லேரியிலேருந்து தண்ணி கொண்டாருவோம். ரெண்டு வண்டி கட்டுங்க. அண்டா, மொடா, குதிரு, எது இருந்தாலும் ஏத்துங்க.”

“குதிருல தண்ணி நிக்குமா?”

“நிக்கிறத ஏத்துங்கங்கறேன். அப்படியே எல்லாரு வேட்டியையும் அங்கயே தோய்ச்சு எடுத்தாந்துடுங்க. அன்னிக்கு ஒருத்தனும் பழுப்பு வேட்டியில நிக்கக்கூடாது. இல்லாதவன் வூட்டுக்குள்ளயே கெடக்கட்டும்.”

“கெணத்துப் பக்கம் போயி எறைச்சுக் குடிச்சிட்டாங்கன்னா?”

வெள்ளைச்சாமி தாடையைத் தடவினார். “வடத்தக் கழட்டிடுவோம். கேட்டா, களவு போச்சுன்னு சொல்லிக்கலாம்.”

எல்லாரும் சிரித்துக்கொண்டே கலைந்தார்கள். ரத்தினம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. அவள் ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில், ஏரிக்கரையில் பிறந்தவள். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் அவளுடைய அப்பா வீடு பார்க்க வந்தபோதும் இந்த ஊர் இதே கூட்டத்தைத்தான் போட்டிருக்கிறது. சித்திரை மாசமாக இருந்ததால் அவருக்குக் கலயம் கலயமாகப் பதநீர் கொடுத்தார்கள். ஊர் இனிக்கிறது என்று சொல்லிக்கொண்டே வீடு திரும்பினார். கல்யாணமாகி வந்த அன்று, பயணக் களைப்பில் ஒரு செம்புத் தண்ணீரை மடமடவென்று வாயில் கவிழ்த்தபிறகுதான் ரத்தினம்மாளுக்கு விஷயம் தெரிந்தது. அந்த மடக்கு இன்னமும் அவள் தொண்டையில் இருந்தது. இப்போது அதே செம்பை இன்னொருத்தி வீட்டுப் பெண்ணுக்கு நீட்டப் போகிறோமே என்பது மனசை அறுத்தது. பிள்ளை முகத்தைப் பார்த்துவிட்டு வாயைக் கட்டிக்கொண்டாள்.

குறித்த நாளில் விடியும்போதே நல்லேரித் தண்ணீர் வந்து இறங்கியது. மொடாவுக்குள் வைக்கோல் போட்டு, தளும்பாமல் கொண்டுவந்திருந்தார்கள். பிள்ளைகள் ஆளுக்கு ஒரு கை மொண்டு குடித்துவிட்டு, ருசியே இல்லை என்று முகத்தைச் சுளித்தன.

ரத்தினம்மாள் வழக்கப்படி காலையிலேயே பருப்பை அடுப்பில் ஏற்றினாள். அரைமணி கழித்துப் பாப்பாயி மூடியைத் திறந்து பார்த்து, “ஏ ஆத்தாடி!” என்று கூவினாள். பருப்பு மலர்ந்து, குழைந்து, வெண்ணெய்போல் திரண்டிருந்தது. பின்வீட்டுக்காரி வந்து பார்த்தாள். எதிர்வீட்டுக்காரி இடுப்புப் பிள்ளையோடு வந்து பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் அடுப்படியில் நிற்க இடமில்லை.

“கரண்டிய விட்டா நசுங்குதுடி!”

“என் கல்யாணத்துக்குப் பொறவு இப்பத்தான் வெந்த பருப்பக் கண்ணால பாக்குறேன்.”

“தள்ளுங்கடி, காத்து வரட்டும்,” என்று விரட்டினாள் ரத்தினம்மாள். ஆனால் அவளுக்கும் உள்ளுக்குள் ஒரே குதூகலம். பிறந்த வீட்டுச் சமையல் கைக்குத் திரும்பி வந்ததுபோல் இருந்தது. கத்தரிக்காய் போட்டுக் குழம்பு, வாழைக்காய்ப் பொரியல், பூசணிக்காய்க் கூட்டு, ரசம், வெல்லப் பாயசம் என்று விறுவிறுவென இறக்கினாள். அன்றைக்குச் சமைத்ததை முதலில் பெருமாளுக்குப் படைப்பதாக வேண்டிக்கொண்டிருந்தபடியால் யாரும் நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை. படையல் போட்டு, சூடம் காட்டி முடிப்பதற்குள் பனைமரத்தடியில் வண்டிச் சத்தம் கேட்டது.

அழகேசன் பெரிய மீசையும் சின்னக் குரலும் உள்ள மனிதர். அவரோடு வந்த அக்கா பெரியம்மாளுக்குத்தான் அந்த வீட்டில் குரல். தாயில்லாத மலர்கொடியை வளர்த்தது அவள்தான். வண்டியை விட்டு இறங்கியதும் தெருவை ஒரு பார்வை பார்த்தாள்.

“ஏம்ப்பா, இந்த ஊர்ல எல்லாரும் இன்னிக்குத்தான் வேட்டி வாங்குனாங்களா? கண்ணு கூசுது.”

“எங்க ஊரே அப்படித்தான் அண்ணி,” என்றார் வெள்ளைச்சாமி பெருமையாக. “சுத்தம்.”

பானகம் வந்தது. பெரியம்மாள் குடித்துவிட்டு, பிசுபிசுப்பைக் கழுவ ஒரு செம்புத் தண்ணீர் கேட்டாள். இளநீர் வந்தது. “கை கழுவக் கேட்டேன்,” என்றாள். இன்னொரு இளநீர் வந்தது. அதிலேயே கை கழுவிவிட்டு அவள் தம்பியைப் பார்த்தாள். அவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

கை நனைக்கிறது என்பது லேசான காரியமில்லை. பையன் வீட்டில் சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதனால் இலை போட்டதுமே வாசலில் ஊர் மொத்தமும் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது. பருப்பும் நெய்யும் பிசைந்து பெரியம்மாள் முதல் கவளத்தை வாயில் வைத்தாள். மென்றாள். நிறுத்தினாள். குழம்பை ஊற்றச் சொன்னாள். ஒரு விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். பொரியலைத் தொட்டாள், கூட்டைத் தொட்டாள். பிறகு கையை இலையிலிருந்து எடுத்துவிட்டாள்.

“அழகேசா, எந்திரி.”

“அக்கா...”

“எந்திரிங்கறேன். அவங்க சொல்லிட்டாங்க, நமக்குப் புரிஞ்சு போச்சு.”

வைரக்கண்ணு பதறிப்போனான். “என்னங்க, என்ன கொறை? நாங்க ஒண்ணும் சொல்லலியே!”

“வாயால வேற சொல்லணுமா? எங்க கரையில, வந்த சம்மந்தம் வேண்டாம்னா மொகத்துக்கு நேரா சொல்லமாட்டோம். உப்பில்லாம சோறு போடுவோம். வந்தவங்க புரிஞ்சுக்கிட்டு எந்திரிச்சுப் போயிடுவாங்க. இஞ்ச ஒண்ணுல ரெண்டுல இல்ல, வச்ச அத்தனையிலயும் உப்பில்ல. எங்க பொண்ணு வேண்டாம்னா அங்கயே சொல்லியிருக்கலாம். வண்டி மாட்ட இம்புட்டு தூரம் ஓட்டியாந்துருக்க வேண்டாம்.”

வெள்ளைச்சாமி குறுக்கே பாய்ந்தார். “ஐயய்யோ, அப்படி எல்லாம் இல்ல அண்ணி! இப்ப எல்லாமே ரேஷன், கண்ட்ரோல் காலம் பாருங்க. யுத்தத்துக்குப் பொறவு உப்புலயே சத்து இல்லாம போச்சு.”

“உப்புலயா?” என்றார் அழகேசன், தன் சின்னக் குரலில்.

அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்த ரத்தினம்மாள் குழம்புச் சட்டியில் விரலை விட்டு நாக்கில் வைத்தாள். அந்த நிமிஷமே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தண்ணீரை மாற்றினார்கள், கையை மாற்றவில்லை. விரல் நுனியில் ஒட்டுகிற உப்பைத்தான் அன்றைக்கும் போட்டிருந்தாள், மிச்சத்தைக் கிணறு பார்த்துக்கொள்ளும் என்று. இப்போது ஏதாவது பொய் சொல்லிச் சமாளிக்கலாம். ஆனால் எந்தப் பொய்யைச் சொன்னாலும் அவமானப்பட்டுப் போகிறவர்கள் போய்விடுவார்கள். உண்மையைச் சொன்னாலும் போய்விடுவார்கள். எப்படியும் போகப் போகிறவர்களுக்கு உண்மையையே சொல்லிவிடலாம் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதும் பல நாளாக மனசை அறுத்துக்கொண்டிருந்தது சட்டென்று நின்றது. அவள் கூடத்துக்கு வந்தாள்.

“அண்ணி, உக்காருங்க. உங்கள வேண்டாம்னு யாரும் சொல்லல. நீங்க வேணும்னுதான் இந்தக் கூத்தெல்லாம். டேய் அய்யம்பெருமாளு, வைக்கப்போருல சொருவியிருக்கிற வடத்த எடுத்தா.”

“அம்மாடி!” என்றார் வெள்ளைச்சாமி.

“சும்மா இருங்க மாமா.”

அய்யம்பெருமாள் அப்பனைப் பார்த்தான். அப்பன் தரையைப் பார்த்தான். பையன் போய் வடத்தை எடுத்து வந்து, கிணற்றில் தோண்டியை இறக்கி, ஒரு செம்பு நிறைய நிரப்பிக்கொண்டு வந்தான். ரத்தினம்மாள் அதை இரண்டு கையாலும் வாங்கிப் பெரியம்மாளிடம் நீட்டினாள். வெள்ளைச்சாமி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

பெரியம்மாள் ஒரு வாய் குடித்தாள். அவள் முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. துப்ப இடம் தேடி, கிடைக்காமல் விழுங்கினாள்.

“இதயா குடிக்கிறீங்க?”

“இதத்தான் குடிக்கிறோம். இதுலதான் சமைக்கிறோம். அதனால உப்பு போட எங்க கைக்குப் பழக்கமில்ல. இன்னிக்கு உங்களுக்காக நாலு மைலு தள்ளி நல்லேரியிலேருந்து தண்ணி வந்துச்சு. கை மட்டும் பழைய கையாவே இருந்துடுச்சு.”

“அப்ப இந்தத் தண்ணியிலயே ஆக்கியிருந்தா உப்பு சரியா இருந்திருக்குமா?”

“உப்பு சரியா இருந்திருக்கும் அண்ணி. பருப்புதான் வெந்திருக்காது.”

பெரியம்மாள் அவளை முறைத்துப் பார்த்தாள். அப்புறம் தோள் குலுங்கியது. சிரிப்பு அடிவயிற்றிலிருந்து கிளம்பி வந்து, கண்ணில் நீர் முட்டுகிறவரை சிரித்தாள். “அதான் கை கழுவ எளநியா!” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். வாசலில் நின்ற ஊரும் மெதுவாகச் சிரிக்க ஆரம்பித்தது. வெள்ளைச்சாமி துண்டை விலக்கி ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.

“என்னையும் இப்படித்தான் அண்ணி கூட்டியாந்தாங்க,” என்றாள் ரத்தினம்மாள். “எங்கப்பாவுக்குப் பதநீ குடுத்து ஏமாத்துனாங்க. அதே வேலைய நானும் பண்ணலாம்னுதான் இருந்தேன். முடியல.”

வைரக்கண்ணு தலையை நிமிர்த்தினான். “ஏ புள்ள, இத்தன வருசமா இத நீ ஒரு வார்த்த சொன்னதில்லியே.”

“சொன்னா கெணறு இனிச்சிடுமா?”

“நீ ஓடிப் போவலியா?” என்று கேட்டாள் பெரியம்மாள்.

“மொத மாசத்துல மூட்டையக் கட்டிக்கிட்டுக் கெளம்பிட்டேன். பனைமரத்தடி வரைக்கும் போயிட்டேன். எதுக்க இவுரு வந்துக்கிட்டு இருந்தாரு. தோளுல ஒரு கொடம் தண்ணி. எனக்குக் கரிக்குதுன்னு, யாருகிட்டயும் சொல்லாம நல்லேரிக்குப் போயித் தூக்கியாந்திருக்காரு. மூட்டையப் பாத்தாரு. ஒண்ணும் கேக்கல. கொடத்த எறக்கி, கையில ஊத்துனாரு. குடிச்சேன். திரும்பி வந்துட்டேன்.”

வைரக்கண்ணு எழுந்து, காரணமே இல்லாமல் வாசலுக்குப் போய் மாடுகளுக்குத் தீனி வைத்தான். அய்யம்பெருமாள் அப்பனையே பார்த்துக்கொண்டிருந்தான். காளவாய்ப் புகையிலும் வசவிலும் மட்டுமே அறிந்திருந்த மனிதரை அவன் அன்றைக்குப் புதிதாகப் பார்த்தான்.

பெரியம்மாள் உட்கார்ந்தாள். “அந்த உப்பக் கொண்டாம்மா. பருப்பு நல்லா வெந்திருக்கு, வீணாக்குவானேன்.”

உப்பு போட்டுப் பிசைந்து எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். சாப்பிட்டபிறகு ஊரைச் சுற்றிப் பார்க்கப் போனபோது, காளவாய்க்குப் பக்கத்தில் பால்போல் வெளுத்த தண்ணீர் அடியில் கிடக்கிற ஒரு பெரிய குழியைப் பார்த்து அழகேசன் நின்றார்.

“இது என்னங்க, குளமா?”

“கல்லு வெட்டுன குழிங்க,” என்றார் வெள்ளைச்சாமி. “ஐப்பசியில மழத்தண்ணி ரொம்பிடும். சுட்ட கல்ல அதுலதான் நீத்துவோம். கெணத்துத் தண்ணியில நீத்துனா சுண்ணாம்பு கரிக்குதுன்னு உங்க பக்கத்து யாவாரிங்க கோவிச்சுக்கறாங்க.”

பெரியம்மாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டாள். “அப்ப நல்ல தண்ணியச் சுண்ணாம்புக்கு ஊத்திப்புட்டு, உப்புத் தண்ணிய நீங்க குடிக்கிறீங்க?”

“சுண்ணாம்புதானுங்களே சோறு போடுது.”

“அட கிறுக்குப் பய மக்களா! சுண்ணாம்புக்கு ஒரு குழின்னா, மனுசனுக்கு ஒரு குழி வெட்டக்கூடாதா? பாறையக் கொடையறதே தொழிலா வச்சிருக்கீங்க!”

வெள்ளைச்சாமியின் அப்பா காலத்திலும் தாத்தா காலத்திலும் இப்படி ஒரு யோசனை ஊருக்குத் தோன்றியதில்லை. குழி என்றால் சுண்ணாம்புக்கு, கிணறு என்றால் குடிக்க. அப்படித்தான் அவர்களுக்குப் பழக்கம்.

வண்டி பூட்டும்போது ரத்தினம்மாள் பெரியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். “என்ன முடிவு அண்ணி?”

“எங்களுக்குச் சம்மதம்தான். எங்க ஊர்ல மழைக்கு மழை ஆறு வூட்டுக்குள்ள வந்து ஒலப்பானையத் தூக்கிக்கிட்டுப் போயிடுது. மேட்டு ஊரா இருந்தாத் தேவலன்னுதான் இவனும் இஞ்ச பாத்தான். ஆனா தெனமும் குடிக்கப் போறவ அவ. அவளக் கேக்காம எப்படி? அந்தச் செம்புத் தண்ணிய அப்படியே வாயக் கட்டிக் குடு. குடிச்சுப் பாத்துட்டு அவளே சொல்லட்டும்.”

செம்பின் வாயில் துணி கட்டிக் கொடுத்து அனுப்பினார்கள். வண்டி பனைமரத்தைத் தாண்டுகிறவரை ஊர் பார்த்துக்கொண்டு நின்றது. ரத்தினம்மாள் மட்டும் அடுப்படிக்குத் திரும்பி, மிஞ்சிய பருப்பைத் தெருவெல்லாம் பங்கு போட்டுக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை தண்ணீர் மொள்ளும்போதும், அங்கே அந்தப் பெண் அதை வாயில் வைத்து முகத்தைச் சுளிப்பது கண்முன் வந்தது. வெள்ளைச்சாமி தினமும் வந்து, “உன் வாயால கெட்டுதும்மா,” என்று சொல்லிவிட்டுப் போனார். வைரக்கண்ணு ஒருநாள் சாயங்காலம் தலையில் குடத்தோடு நல்லேரிப் பக்கமிருந்து வந்து அடுப்படியில் இறக்கி வைத்துவிட்டுப் போனான். அவள் பார்த்தும் பார்க்காததுபோல் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மாசி முடிவதற்குள் அய்யம்பெருமாள் சுண்ணாம்பு ஏற்றிக்கொண்டு கொள்ளிடக் கரைக்குப் போகவேண்டியிருந்தது. திரும்பி வரும்போது வண்டியில், வைக்கோலுக்கு நடுவில் பிள்ளையைப் படுக்க வைத்ததுபோல் அந்தச் செம்பு இருந்தது. வாய் கட்டியிருந்தது. தூக்கினால் கனமாக இருந்தது.

“தண்ணிய அப்படியே திருப்பி அனுப்பிட்டாங்களா?” என்றாள் ரத்தினம்மாள்.

“பிரிச்சுப் பாரு.”

பிரித்தாள். உள்ளே புளிக்குழம்பு. சுண்டைக்காய் வற்றல் போட்டு, நல்லெண்ணெய் மிதக்க வைத்த குழம்பு.

“நம்ம கெணத்துத் தண்ணியிலயே வச்சுதாம்,” என்றான் அய்யம்பெருமாள். “எப்படி இருக்குன்னு உன்னைச் சொல்லச் சொல்லிச்சு.”

வைரக்கண்ணுவும் பாப்பாயியும் வந்து நின்றுகொண்டார்கள். கேள்விப்பட்டு வெள்ளைச்சாமியும் ஓடி வந்தார். ரத்தினம்மாள் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நாக்கில் வைத்தாள். உச்சந்தலைக்கு ஏறியது. அப்படி ஒரு உப்பு. கொள்ளிடக் கரையின் கை, தன் வழக்கப்படி உப்பை அள்ளிப் போட்டிருந்தது. கிணறு தன் பங்குக்கும் போட்டிருந்தது.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“என்னடி, என்ன சொல்லு,” என்றான் வைரக்கண்ணு.

“என்னை மாதிரியே கை பழக்கமுங்க அதுக்கும்! நான் போடாம வுட்டேன், அது போட்டுக் கெடுத்துருக்கு!”

“அப்ப பொண்ணு வேற என்னடா சொல்லிச்சு?” என்று வெள்ளைச்சாமி அய்யம்பெருமாளைப் பிடித்து உலுக்கினார்.

அவன் காது மறுபடி சிவந்தது. “உங்க வேட்டியப் பாத்தப்பவே உங்க ஊருத் தண்ணி எப்படின்னு எனக்குத் தெரியும்னுச்சு. தெரிஞ்சுதான் சரின்னேன், இதுக்குப் போயி ஊரே எதுக்கு வண்டி கட்டுச்சுன்னு கேட்டுச்சு.”

வெள்ளைச்சாமி புதிதாக வெளுத்த தன் வேட்டியைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

“குழி மட்டும் வெட்டச் சொல்லிச்சு,” என்றான் அய்யம்பெருமாள். “பருப்பு திங்காம அதால இருக்க முடியாதாம்.”

அன்று இரவு அந்த வீட்டில் வெள்ளைச்சாமியோடு சேர்த்து நாலு பேரும் மலர்கொடியின் குழம்பை ஊற்றித்தான் சாப்பிட்டார்கள். கண்ணில் தண்ணீர் வந்தது. வெள்ளைச்சாமி இரண்டாம் முறையும் ஊற்றச் சொன்னார். குழம்பை யாரும் மிச்சம் வைக்கவில்லை. விடிந்ததும் வைரக்கண்ணு கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு மேலத்தெருவுக்குப் பின்னால் போனான். கூப்பிடாமலே ஊர் பின்னால் வந்தது. சாப்பாடு வந்த செம்பை வெறுமையாக அனுப்பும் வழக்கமில்லை. ரத்தினம்மாள் அதை விளக்கி, தங்கள் காளவாயின் முதல்தரமான வெள்ளைச் சுண்ணாம்பை நிரப்பி, வாய் கட்டிக் கொடுத்தாள். வெற்றிலை அவர்கள் பக்கம் இருந்தது, சுண்ணாம்பு இவர்கள் பக்கம் இருந்தது. நிச்சயத்துக்கு வேறென்ன வேண்டும்.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. ஐப்பசியில் குழி நிரம்பியது, ஊர் அந்தத் தண்ணீரில்தான் சமைத்தது. அடுத்த வருஷம் மலர்கொடியின் சித்தப்பா மகள் ஒருத்தி வந்தாள், அப்புறம் அவளுடைய மாமன் மகள். மேலத்தெருவில் ஆடுகளை அவிழ்த்துவிட்டு இரண்டு வீட்டுக்குப் புதுக் கூரை போட்டார்கள். ஒன்றில் தொட்டில் ஆடியது.

அதற்கு அடுத்த வருஷத்துத் தைமாதத்தில் ஒருநாள் காலை. உப்பு வண்டிக்காரன் பனைமரத்தடிக்கு வந்து, வழக்கம்போல் வாயை மூடிக்கொண்டான். மாடுகள் எட்டி நடைபோட்டன. ரத்தினம்மாள் உள்ளே பேரனைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். அப்போது வாசலிலிருந்து மருமகளின் குரல் கேட்டது.

“உப்புக்காரரே! ஏ, உப்புக்காரரே! ரெண்டு படி போட்டுட்டுப் போங்க!”

வண்டிக்காரன் திரும்பிப் பார்த்தான். தன்னைத்தானா என்று சந்தேகமாக இருந்தது. சுற்றிலும் வேறு யாரும் இல்லை. மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பிடித்தான். அந்த மாடுகளைச் சுக்கான்மேட்டுப் பக்கம் திருப்புவதற்குத்தான் அவன் மிகவும் பாடுபட வேண்டியிருந்தது.